ஷட்டர் கனத்தால், தோளைக் குறை சொல்லாதீர்கள்!

ரோலிங் ஷட்டர் என்றால் கடைத்தெருவில் பார்க்கும் பொருள் என்றிருந்த காலம் போய்விட்டது. இப்போது வயலோரக் கொட்டகைகளிலும் அதுதான். பவர் டில்லர், ஸ்பிரேயர், உர மூட்டை, விதை நெல், தார்ப்பாய் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பூட்ட வேண்டியிருக்கிறது. மரக்கதவைக் கரையான் விடுவதில்லை. இரட்டை இரும்புக் கதவு போட்டால் அது திறந்து மடங்க வாசலில் இடம் விட வேண்டும். ஷட்டருக்கு அந்தத் தொல்லை கிடையாது. மேலே தூக்கினால் திறக்கும், கீழே இழுத்தால் மூடும். பெரும்பாலானவர்களுக்கு அதைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். தலைக்கு மேலே, மூடி போட்ட அந்தப் பெட்டிக்குள் ஸ்பிரிங் என்று ஒன்று இருப்பது, அது உடைகிற நாளில்தான் தெரியவருகிறது.

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். மூன்று ஏக்கர் நெல், இரண்டு கறவை மாடு என்று வாழும் குடும்பம். வீட்டை ஒட்டிய கொட்டகைக்கு 10 அடி அகலம், 10 அடி உயரத்தில் ஷட்டர் போட்டு ஒன்பது வருடமாகிறது. வீட்டுக்காரர் விடியும் முன்பே தண்ணீர் பார்க்க வயலுக்குப் போய்விடுவார். கொட்டகையைத் திறப்பது அவருடைய மனைவிதான். மாட்டுக்கு வைக்கும் தவிடும் புண்ணாக்கும் உள்ளே இருந்ததால் காலைப் பாலுக்கு ஒரு தரம், மாலைப் பாலுக்கு ஒரு தரம், நடுவில் உரமோ மருந்தோ எடுக்க ஒரு தரம் என்று தினமும் மூன்று முறையாவது ஷட்டர் ஏறி இறங்கும்.

போட்ட புதிதில் ஒரு கையால் தூக்கினார். பிறகு இரண்டு கை தேவைப்பட்டது. அதற்குப் பிறகு இடுப்பளவு தூக்கி, குனிந்து உள்ளே புகுந்து, முதுகையும் தோளையும் கொடுத்து மேலே தள்ளினார். இது ஒரே நாளில் நடந்தால் வீட்டில் பேச்சு எழுந்திருக்கும். நான்கைந்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததால் அவரே அதைக் கவனிக்கவில்லை. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டார். வலது தோளில் வலி வந்தபோது நடவையும் களையெடுப்பையும் காரணம் சொன்னார்கள். தைலம் தேய்த்தார்கள். கை தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனபோதுதான் மருத்துவரிடம் போனார். “தினமும் தலைக்கு மேல எதையாவது தூக்குறீங்களாம்மா?” என்று மருத்துவர் கேட்டார். “இல்லைங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஷட்டர் அவர் நினைவுக்கே வரவில்லை. அது தூக்குகிற பொருள் இல்லை, கதவுதானே!

ஆனால் கணக்குப் போட்டால் அது தூக்குகிற பொருள்தான். 0.9 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏழு கிலோ வரும். அதை நெளித்து, ஒன்றோடொன்று கோக்கும் பட்டைகளாக மடிக்கும்போது அதே இடத்துக்கு இன்னும் அதிகத் தகடு பிடிக்கும். அடியில் உள்ள பூட்டுத் தகடும் சேர்ந்தால், 10 அடிக்கு 10 அடி ஷட்டர் சுமார் 100 கிலோ இருக்கும். தகடு 1.2 மில்லிமீட்டர் என்றால் அதற்கும் மேல். இப்போது வரும் யூரியா மூட்டை 45 கிலோ. அப்படியானால் இரண்டு மூட்டைக்கு மேற்பட்ட பாரத்தைத் தரையிலிருந்து பத்தடி உயரத்துக்கு ஒரு பெண் தினமும் மூன்று முறை ஏற்றுகிறார். ஏற்ற முடிவது ஸ்பிரிங்கால்தான்.

துலாக் கிணற்றில் இறைத்த பெரியவர்களுக்கு இது உடனே புரியும். துலா மரத்தின் பின்முனையில் கல்லைக் கட்டியிருப்பார்கள். இறைப்பவர் வெறும் சாலைக் கயிறு பிடித்துக் கீழே இழுப்பார், அப்போது கல் மேலே போகும். தண்ணீர் நிறைந்த சாலைத் தூக்குவது அந்தக் கல்தான், கை வெறுமனே வழி காட்டும். ஷட்டரிலும் நடப்பது அதுவே. கீழே இழுக்கும்போது நாம் கொடுக்கும் பலமும் ஷட்டர் இறங்கும் பாரமும் சேர்ந்து ஸ்பிரிங்கை முறுக்குகின்றன. மேலே தள்ளும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து தூக்கிக் கொடுக்கிறது. கல்லைவிட ஸ்பிரிங்குக்கு ஒரு வசதி உண்டு. ஷட்டர் முழுதாக இறங்கி நிற்கும்போதுதான் தொங்கும் பாரம் அதிகம், அப்போது முறுக்கும் அதிகம். மேலே சுருளச் சுருளத் தொங்கும் பாரம் குறைகிறது, முறுக்கும் கூடவே குறைகிறது. கல்லுக்கு உள்ள வசதி வேறு: அது வருடா வருடம் தளர்வதில்லை.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 100 கிலோ ஷட்டரில் 90 கிலோவை ஸ்பிரிங் தாங்கினால், கைக்கு வருவது 10 கிலோ. ஸ்பிரிங் தளர்ந்து 75 கிலோதான் தாங்குகிறது என்றால் கைக்கு வருவது 25 கிலோ. ஸ்பிரிங் தளர்ந்தது ஆறில் ஒரு பங்கு. தோளுக்கு ஏறிய பாரமோ இரண்டரை மடங்கு!

அமெரிக்காவில் வீட்டுக் கார் கொட்டகைக் கதவுகளுக்குப் போடும் ஸ்பிரிங்கை, பொதுவாக 10,000 முறை கதவு திறந்து மூடும் கணக்கில் செய்கிறார்கள். அது வேறு வகைக் கதவு, வேறு வகை ஸ்பிரிங். இருந்தாலும் இப்படி எண்ணிப் பார்ப்பது நமக்கும் உதவும். நாளுக்கு மூன்று முறை என்றால் வருடத்துக்கு 1,095. ஒன்பது வருடத்தில் 9,855. கடைத்தெருவில் காலை திறந்து இரவு மூடும் ஷட்டரைவிட, தவிட்டுக்காகத் திறக்கும் கொட்டகை ஷட்டர் மூன்று மடங்கு உழைக்கிறது.

அந்த வீட்டு ஷட்டர் ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் உடைந்தது. மாலையில் அவர் கீழே இழுத்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ‘டமார்’ என்று சத்தம். டிரான்ஸ்பார்மர் வெடித்ததாக நினைத்துத் தெருவில் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். ஷட்டர் வலப்பக்கம் சரிந்து, இடப்பக்கம் முழங்கால் உயரத்தில் சிக்கி நின்றது. உள்ளே சம்பாவுக்கு மேலுரமாகப் போட வைத்திருந்த யூரியா, மாட்டுத் தீவனம் எல்லாம் மாட்டிக்கொண்டன. வெளியே மழை.

அக்கா வீட்டுக்கு வந்திருந்த தம்பி ஏணியைச் சாத்தி, ஸ்பேனரோடு ஏறிவிட்டார். மேலே மூடியைத் தள்ளிப் பார்த்து, “சுவத்துல ரெண்டு பக்கமும் கிளாம்ப் இருக்கு மாமா, நாலு நட்டுதான். கழட்டிவிட்டா தானா எறங்கிடும்” என்றார். “பாத்து மாப்ள” என்று கீழே ஏணியைப் பிடித்தார் வீட்டுக்காரர். அதற்குள் அந்த அம்மா டவுனில் இருக்கும் ஷட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டிருந்தார். விஷயத்தைப் பாதி கேட்டதுமே அவர் சொன்னது: “அக்கா, ஏணியில நிக்கிறவரை மொதல்ல கீழ எறங்கச் சொல்லுங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்.”

ஏன் அப்படிச் சொன்னார் என்பது மறுநாள் காலையில் அவர் வந்து மூடியைக் கழற்றிக் காட்டியபோது புரிந்தது. கதவுக்கு மேலே இரண்டு பக்கச் சுவரிலும் பிராக்கெட். அவற்றின் மேல் குறுக்கே ஓர் இரும்பு பைப். அந்த பைப் சுழலக் கூடாது, அதற்குத்தான் இரண்டு முனையிலும் வளைவான கிளாம்ப் போட்டு நட்டு முடுக்கியிருக்கிறார்கள். பைப்பின் மேல் வட்டமான டிரம்கள் சுழல்கின்றன. ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் பழைய சுவர்க்கடிகாரத்தில் இருப்பது போன்ற, ஆனால் பல மடங்கு பெரிய, பட்டை ஸ்பிரிங் சுருண்டிருக்கிறது. அதன் உள்முனை பைப்பில் மாட்டியிருக்கும், வெளிமுனை டிரம்மில். ஷட்டரின் மேல் பட்டை டிரம்மோடு போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். ஷட்டர் இறங்கினால் டிரம் சுழலும், ஸ்பிரிங் இறுகும்.

அந்த ஷட்டரில் ஸ்பிரிங் இரண்டு. உடைந்தது ஒன்று. மற்றது உடையாமல், ஷட்டர் இறங்கிய நிலையில், ஏறக்குறைய முழு முறுக்கோடு இருந்தது. அந்த முறுக்கு மொத்தத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது தம்பி கழற்றப் போன அதே நான்கு நட்டுகள். அவை தளர்ந்திருந்தால் பைப் ‘விர்’ரென்று திரும்பியிருக்கும். பைப்பில் ரெஞ்ச் மாட்டியிருந்தால் அது சம்மட்டி மாதிரி வந்து அடிக்கும். ஏணியில் நிற்பவர் கையோடு போகுமா, தலைக்கு வருமா என்பது அவரவர் நின்ற இடத்தைப் பொறுத்தது. மெக்கானிக் இதைச் சொல்லிக்கொண்டே இடது கையைக் காட்டினார். மோதிர விரலில் மேல் கணு இல்லை. தொழில் பழகிய காலத்தில் போனதாம். தம்பி அதற்குப் பிறகு ஏணிப் பக்கம் போகவில்லை, டீ வாங்கி வரப் போய்விட்டார்.

இன்னொரு தப்பான நம்பிக்கையும் உண்டு. ஷட்டர் முழுக்க மேலே சுருண்டிருந்தால் ஸ்பிரிங்கில் ஒன்றும் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கும். ஷட்டர் மேலேயே நிற்க வேண்டும் என்பதற்காக ஆரம்பத்திலேயே சில சுற்று முறுக்கித்தான் பொருத்துவார்கள். மேலே இருக்கும்போது முறுக்கு குறைவு, அவ்வளவுதான். மெக்கானிக்குகள் கிளாம்ப்பில் கைவைக்க அந்த நிலையைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். அப்போதும் ஒருவர் ரெஞ்சால் பைப்பைப் பிடித்திருக்க, இன்னொருவர்தான் நட்டைத் தளர்த்துவார். இது இரண்டு ஆள் வேலை. தனியாக வந்து செய்கிறேன் என்பவரை அனுப்பிவிடுவது நல்லது.

அன்று அவரும் உதவியாளரும் முதலில் செய்தது, ஷட்டரின் இரண்டு முனைக்கும் அடியில் கட்டை முட்டுக் கொடுத்தது. சரிந்த பக்கத்தைச் சேனலுக்குள் நேராக்கி, மெதுவாக மேலே ஏற்றி, சுருளைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பிறகுதான் ரெஞ்ச். உடைந்த ஸ்பிரிங்கை வெளியே எடுத்தபோது முறிந்த இடத்தைக் காட்டினார். பாதி பழுப்பு, பாதி பளபளப்பு. பழுப்பாக இருந்த பாகம் முன்பே விரிசல் விட்டுத் துருவேறியிருந்தது, பளபளப்பு அன்று மாலை முறிந்தது. விரிசல் எத்தனை மாதமாக இருந்ததோ!

கொட்டகை ஷட்டரில் துரு சீக்கிரம் பிடிப்பதற்கு உரமும் ஒரு காரணம். பொட்டாஷ் உப்பு வகை. அம்மோனியம் சல்பேட், யூரியா இவையும் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். மூட்டை தூக்கும்போது பறக்கும் தூள் ஸ்பிரிங் மீதும் பட்டை மீதும் படிந்து, மழைக்கால ஈரத்தில் இரும்பைத் தின்கிறது. உர மூட்டைகளை ஷட்டரை ஒட்டி அடுக்காமல், உள்சுவர் பக்கம் பலகை மேல் அடுக்கி, பிரித்த மூட்டையின் வாயைக் கட்டி வைத்தால் உரத்துக்கும் நல்லது, ஷட்டருக்கும் நல்லது.

“உடைஞ்ச எடத்துல வெல்டிங் வெச்சுக் குடுங்களேன்” என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி, எல்லோரும் கேட்பதுதான். ஸ்பிரிங் சாதாரண இரும்பு இல்லை. கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துப் பதம் ஏற்றுவது போல, அதற்கும் சூடு கொடுத்துப் பதம் ஏற்றியிருக்கிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும். முனையில் உள்ள கொக்கி மட்டும் ஒடிந்திருந்தால், அந்த முனையை மட்டும் காய்ச்சிப் புதுக் கொக்கி வளைப்பதுண்டு. நடுவில் முறிந்தால் மாற்றத்தான் வேண்டும். இதே காரணத்துக்காக, ஷட்டரில் கைப்பிடி வைக்கவோ தாழ்ப்பாள் வைக்கவோ வருகிற வெல்டரை டிரம் பக்கம் நெருப்பு போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

உடையாத இரண்டாவது ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். செலவை இழுக்கிறார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதுவும் அதே ஒன்பது வருடம் உழைத்தது. ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் தளர்ந்தது என்று இருந்தால் ஷட்டர் கோணலாக ஏறும், சேனலில் உரசும். அதோடு நடுவில் மூன்றாவதாக ஒரு ஸ்பிரிங்கும் வைத்தார். “இந்தக் கனத்துக்கு மொதல்லயே மூணு போட்டிருக்கணும்” என்றார். மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக் குறிப்பில் கையால் தள்ளும் ஷட்டருக்கு ஒரு வரம்பு சொல்லியிருக்கிறார்கள். 8 சதுர மீட்டர் வரை சாதாரணமாகப் போடலாம், 8 முதல் 12 வரை பால் பேரிங் வைத்துப் போட வேண்டும், அதற்கு மேல் கியர் வைத்தது. 10 அடிக்கு 10 அடி என்பது 9.3 சதுர மீட்டர். அந்த வீட்டு ஷட்டரில் பேரிங் இல்லை. இனிமேல் புதிதாகப் போடுபவர்கள் ஆர்டர் கொடுக்கும் முன் வாசலின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். டிராக்டருக்கு என்று 12, 14 அடி அகலம் வைப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கனக்கிற ஷட்டருக்கெல்லாம் ஸ்பிரிங் மாற்றத் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு பக்கமும் இறுக்கமாக இருந்தால் அது பெரும்பாலும் சேனல் கோளாறு. வைக்கோல் தூசி, மண், குளவிக்கூடு அடைத்திருக்கும், அல்லது டில்லர் இடித்துச் சேனல் வளைந்திருக்கும். ஏற்றும்போது கனத்து, இறக்கும்போது கையை மீறித் ‘தட’தடவென்று விழுந்தால் அது ஸ்பிரிங். அதிலும் சில சமயம் கிளாம்ப் நட்டு தளர்ந்து பைப் கொஞ்சம் பின்னால் திரும்பியிருக்கும், மறுபடி முறுக்கி முடுக்கினால் போதும். இதற்கு நேர்மாறாக, பூட்டைத் திறந்ததும் தானாக மேலே பாய்ந்தால் முறுக்கு அதிகம். கீழ்த் தகட்டின் மேல் ஏறி நின்று மூட வேண்டிய ஷட்டர் சரியாகப் பொருத்திய ஷட்டர் இல்லை. சரியாக இருந்தால், இடுப்பளவு தூக்கிக் கையின் பிடியைத் தளர்த்தும்போது அது அங்கேயே நிற்கும், அல்லது மெதுவாக நகரும். இதைப் பார்க்கும்போது காலை வெளியே வைத்துக்கொண்டு, கையை முழுதாக எடுக்காமல் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய வேலை சேனலைச் சுத்தம் செய்வதுதான். ஈர்க்குமாறு, பழைய பிரஷ், உலர்ந்த துணி போதும். வேஸ்ட் ஆயிலை ஊற்றும் பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. சேனலில் ஊற்றினால் நெல் தூசும் மண்ணும் அதில் ஒட்டிப் பசையாகி, இரண்டு மாதத்தில் முன்பைவிட மோசமாகும். மெல்லிய எண்ணெய் தேவைப்படுவது மேலே டிரம் பைப்போடு உரசும் இடத்திலும் ஸ்பிரிங்கிலும்தான். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்பு, மெக்கானிக்கே போட்டுவிட்டுக் கிளாம்ப் நட்டையும் பார்த்துவிட்டுப் போகட்டும். டிரம்மைப் பிரிப்பது, கட்டுக்கம்பி போட்டு வரும் புது ஸ்பிரிங்கின் கட்டை அறுப்பது, கிளாம்ப்பில் ஸ்பேனர் வைப்பது, இந்த மூன்றும் வீட்டு வேலை இல்லை. ஸ்பிரிங் உடைந்த ஷட்டர் பாதியில் நின்றால், அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளையும் மாட்டையும் அந்தப் பக்கம் விடாமல், ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரம் என்று அதன் அடியில் படுத்து உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மோட்டார் போட்டுவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஸ்பிரிங் ஷட்டருக்கு மோட்டார் பூட்டினாலும் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்தான். தளர்ந்த ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு மோட்டார் போட்டால் மோட்டாரும் சேர்ந்து போகும். கரண்ட் இல்லாத நேரத்தில் பழையபடி தோள்தான்.

வேலை முடிந்ததும் மெக்கானிக் அந்த அம்மாவைக் கூப்பிட்டுத்தான் தூக்கிப் பார்க்கச் சொன்னார், வீட்டுக்காரரை அல்ல. தூக்குபவர் கைக்கு ஏற்ப முறுக்கு வைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இரண்டு முறை அரைச் சுற்று கூட்டி, ஒரு முறை கொஞ்சம் குறைத்து, அவர் “போதும் தம்பி” என்ற இடத்தில் நட்டை முடுக்கினார். போகும்போது, தவிட்டுக்காகவா இவ்வளவு பெரிய ஷட்டரைத் தினமும் மூணு தடவை தூக்குறீங்க என்று கேட்டுவிட்டுப் போனார். மறுவாரம் மாட்டுக் கொட்டகையில் மூடி போட்ட ஒரு தகர டிரம் வந்தது. தவிடும் புண்ணாக்கும் இப்போது அதில் இருக்கின்றன. எலி தொல்லையும் குறைந்திருக்கிறது. ஷட்டரை வேலை இருக்கிற நாளில்தான் திறக்கிறார்கள்.